சண்டை ஒரு பக்கம், ஈய விலை ஒரு பக்கம்

2025 மார்ச் நடுவில் லண்டன் உலோகச் சந்தையில் ஈய விலை மளமளவென்று ஏறியது. (தமிழ்நாட்டு வாசகர்கள் வெள்ளீயம் என்று படித்துக்கொள்ளவும், மலேசியாவில் நமக்கு அது ஈயம்தான்.) கிழக்குக் கொங்கோவில், வாலிகாலே வட்டாரக் காட்டுக்குள் இருக்கும் பிசி சுரங்கத்தை அல்ஃபாமின் நிறுவனம் மார்ச் 13ஆம் தேதி நிறுத்திவிட்டு ஆட்களை வெளியேற்றியதுதான் காரணம். எம்23 என்ற கிளர்ச்சிப்படை அந்தப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. உலகில் தோண்டப்படும் ஈயத்தில் ஏறக்குறைய 6 சதவீதம் அந்த ஒரே சுரங்கத்திலிருந்து வருகிறது என்பதை வணிகப் பக்கம் படிக்கிறவர்கள் அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள். உலகச் செய்திப் பக்கம் படிக்கிறவர்களுக்குக் கிடைத்தது வேறு: கிளர்ச்சிப்படை முன்னேறுகிறது, மக்கள் மூட்டைமுடிச்சோடு ஓடுகிறார்கள், துட்சி - ஹுட்டு பகை மறுபடியும் தலைதூக்குகிறது. இரண்டும் ஒரே வட்டாரத்தின் செய்தி, இரண்டும் பொய்யில்லை. ஆனாலும் ஒரு பக்கத்துக்காரன் அடுத்த பக்கத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை.

இந்தப் பிரிவினையைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாக எழுத நினைக்கிறேன். ஆப்பிரிக்கச் சண்டைகளுக்குப் பின்னால் வெளிநாட்டுக்காரனின் கனிமப் பசி இருக்கிறது என்று சொன்னால் இப்போது யாரும் மறுப்பதில்லை. தலையாட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். பசி எந்த வழியாகத் துப்பாக்கியாக மாறுகிறது, நமக்கு வந்து சேரும் செய்தியில் அந்த வழி ஏன் காணாமல் போகிறது என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும். அதற்கு கொங்கோ வரை போக வேண்டாம். பினாங்கில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இதே கதை 150 ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்துச் சீமையில், இதே ஈயத்துக்காக நடந்தது. அப்போது வெளிநாட்டுப் பணம் என்பது நம் ஊர்ப் பணம். ஜார்ஜ்டவுன் கடைத்தெருக்களிலிருந்து போன பணம்.

பேராக்கில் நடந்த லாருட் சண்டைகளைப் பள்ளிக்கூடத்தில் படிக்காத மலேசியர் இருக்க மாட்டார். 1861, 1865, 1872, 1873 என்று நான்கு சுற்று. ஆனால் படித்தது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். முதல் சுற்றுக்குக் காரணம் சுரங்கத்துக்குப் போகும் வாய்க்கால் தண்ணீர்த் தகராறு. இரண்டாவதற்கு ஒரு சூதாட்டச் சச்சரவு. மூன்றாவதற்கு ஒரு கள்ளக்காதல்: ஹாய் சான் சங்கத் தலைவரின் உறவுக்காரப் பெண்ணும் கீ ஹின் சங்கத் தலைவரும் பிடிபட்டு, சுரங்கக் குட்டையில் அமுக்கிக் கொல்லப்பட்டார்கள். ஆக, இரண்டு சீன இரகசியச் சங்கங்கள், இரண்டு ஹக்கா கூட்டங்கள், அடிதடிக்குப் பேர்போனவர்கள், அடித்துக்கொண்டார்கள். நடுவில் பேராக் அரியணைக்கு ஒரு வாரிசுச் சண்டை. பிறகு 1874 ஜனவரி 20 அன்று பங்கோர் தீவில் நீரிணைக் குடியேற்றங்களின் பிரிட்டிஷ் ஆளுநர் சர் ஆண்ட்ரூ கிளார்க் வந்து சமாதானம் செய்துவைத்தார். தேர்வில் முழு மதிப்பெண் வாங்க இவ்வளவு போதும்.

இதில் பணம் எங்கே என்று கேட்டால் வரைபடமே மாறிவிடும். லோங் ஜாஃபார் 1840களில் லாருட்டில் ஈயம் தோண்டச் சீனக் கூலிகளைக் கொண்டுவந்தார். அவருடைய மகன் ஙா இப்ராகிம் காலத்தில் அது பெரும் வியாபாரமானது. பிரிட்டன் ஈயத் தகடு ஆலைகளும், டப்பாவில் அடைத்த உணவுக்குப் பெருகிய தேவையும் விலையைத் தூக்கின. ஆனால் காட்டை வெட்டி, சேற்றை வாரி, தண்ணீரை இறைத்து ஈயம் கண்ணில் படுவதற்குள் மாதக்கணக்காகும். அதுவரை கூலிகளுக்கு அரிசி, அபின், மண்வெட்டி, கப்பல் கூலி எல்லாம் யார் தருவது? பினாங்குத் தவுக்கேக்கள், அதாவது சீன முதலாளிகள், தந்தார்கள். கடனாகத் தந்தார்கள், ஈயமாகத் திரும்ப வாங்கினார்கள். அரிசியையும் அபினையும் ஏற்ற விலைக்குக் கணக்கெழுதி, ஈயத்தை இறக்கிய விலைக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். கூலிக்காரன் சுரங்கக் கடையிலேயே சாமான் வாங்க வேண்டும், அங்கேயே சூதாட வேண்டும், அங்கேயே புகைக்க வேண்டும். ஈயத்தில் கிடைத்ததைப் போலவே அபினிலும் சூதிலும் லாபம் கிடைத்தது. எந்தக் கூட்டத்தின் கையில் சுரங்கம் இருக்கிறதோ, அந்தக் கூட்டத்துக்குக் கடன் கொடுத்தவர் பணம் பிழைக்கும், மற்றவருடையது மூழ்கும். வாய்க்கால் தகராறு நான்கு போராக வளர்ந்த வழி இதுதான்.

ஆயுதமும் ஆளும் போனதும் பினாங்கு வழியாகத்தான். தோற்ற கூட்டம் படகேறி வந்து சேர்ந்ததும் பினாங்குக்குத்தான். இங்கே உடம்பு தேறி, கடன் வாங்கி, சீனாவிலிருந்து புது ஆள் இறக்கி, மறுபடி லாருட்டுக்குப் படையெடுத்தார்கள். 1872இல் மட்டும் முதலில் கீ ஹின் கூட்டம் ஹாய் சானை விரட்டியது; சில மாதங்களில் ஹாய் சான் திரும்பி வந்து கீ ஹின்னை விரட்டியது. பினாங்கு போலீசின் தலைவராக இருந்த கேப்டன் திரிஸ்ட்ரம் ஸ்பீடி 1873இல் வேலையை விட்டுவிட்டு, ஙா இப்ராகிம் தந்த பணத்தோடு இந்தியாவுக்குப் போய் நூற்றுக்கு மேற்பட்ட சீக்கிய, பட்டாணிய வீரர்களைத் திரட்டிக்கொண்டு, குருப் பீரங்கிகளோடு லாருட்டில் வந்து இறங்கினார். நேற்றுவரை அமைதிக்குப் பொறுப்பாளி, இன்றைக்குக் கூலிப்படைத் தளபதி. மறு ஆண்டே பிரிட்டிஷார் அவரை லாருட்டின் துணை ரெசிடெண்டாக்கினார்கள். ஆப்பிரிக்காவில் ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படையைப் பற்றி எழுதும்போது இது ஏதோ புதுக் காலத்துக் கேடு என்கிற தொனி வருகிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஸ்பீடிதான் ஞாபகத்துக்கு வருவார்.

அரசாங்கத்தின் கையும் சுத்தமில்லை. 1861 சண்டையில் நஷ்டப்பட்ட கீ ஹின் ஆட்களில் பலர் பினாங்குவாசிகள், அதாவது பிரிட்டிஷ் குடிமக்கள். அதைச் சாக்காக வைத்து நீரிணைக் குடியேற்ற ஆட்சி 17,447 வெள்ளி நஷ்டஈடு கேட்டு லாருட் ஆற்று முகத்தை மறித்தது. ஙா இப்ராகிம் அந்தப் பணத்தைக் கட்டினார். அதற்குப் பதிலாக சுல்தானிடமிருந்து லாருட் முழுவதற்கும் அதிகாரமும் மந்திரி பட்டமும் பெற்றார். போரின் நஷ்டஈடே அடுத்த போருக்கு முதலீடாயிற்று. அரியணைப் போட்டியிலும் இதே கணக்குதான். பதவிக்குக் காத்திருந்த ராஜா அப்துல்லா, சிங்கப்பூர்ப் பெருவணிகர் டான் கிம் சிங்குக்கு லாருட் வரிக் குத்தகையைத் தருவதாக ஒப்புக்கொண்டு ஆதரவு தேடினார். குத்தகை கைக்கு வர வேண்டுமானால் அப்துல்லா சுல்தானாக வேண்டும். அப்துல்லா சுல்தானாக வேண்டுமானால் பிரிட்டிஷார் வர வேண்டும். வந்தார்கள்.

சரி, பத்திரிகை? அன்றைய துறைமுகப் பத்திரிகைகள் அடிப்படையில் வணிகர்களின் பத்திரிகைகள். 1838 முதல் வந்துகொண்டிருந்த பினாங்கு கெசட்டும் அப்படித்தான். கப்பல் வரத்து, ஏல அறிவிப்பு, மிளகு, ஈயம், அபின் விலை எல்லாம் ஒரு பத்தியில் இருக்கும். அக்கரைக் கலவரம், கடற்கொள்ளை, இரகசியச் சங்க அட்டூழியம் இன்னொரு பத்தியில். படித்த வணிகருக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியும். அதற்காகத்தானே காசு கொடுத்து வாங்கினார். ஆனால் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது கலவரப் பத்தி மட்டும். 1870 - 71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி வந்த பிறகு, அந்தச் சேதி சில மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. வணிகர்கள் மனுமேல் மனு போட்டார்கள்: அங்கே ஒழுங்கு இல்லை, நாகரிகம் இல்லை, தலையிடுங்கள். குடியேற்ற அமைச்சர் கிம்பர்லி பிரபு 1873 செப்டம்பரில் கிளார்க்குக்குத் தந்த உத்தரவும், மலாய் மாநிலங்களைச் சீரழிவிலிருந்து மீட்பது என்ற மொழியில்தான் இருந்தது. தீ வைத்த கைக்கும் தண்ணீர் கேட்டுக் கத்திய வாய்க்கும் உடம்பு ஒன்று என்பது அந்தச் செய்தியில் எங்கேயும் இல்லை.

இதில் தமிழர்களுக்குப் பங்கில்லை என்று ஒதுங்கவும் முடியாது. 1867 ஆகஸ்டில் ஜார்ஜ்டவுன் பத்து நாள் பற்றி எரிந்தது. ஒரு பக்கம் கீ ஹின், வெள்ளைக் கொடிக்காரர்களோடு. மறுபக்கம் துவா பே கோங் சங்கம், சிவப்புக் கொடிக்காரர்களோடு. கொடிக் கூட்டங்கள் இரண்டும் மலாய்க்காரர்களும், நம் ஊர்க் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களும், ஜாவி பெரானாக்கான்களும் சேர்ந்தவை. அதற்கும் இன்றுவரை இனக்கலவரம், சங்கச் சண்டை என்றுதான் பெயர். துவா பே கோங் தலைவர் கூ தியன் தெய்க்குக்கு மரண தண்டனை விதித்து, பிறகு ஏழாண்டுச் சிறையாகக் குறைத்தார்கள். அவர் லாருட்டில் பணம் போட்டிருந்தவர்; 1872இல் அவருடைய சங்கம் ஹாய் சான் பக்கம் நின்றது. அக்கரை முதலீடு இக்கரைத் தெருவில் கத்தியாக இறங்கியது என்று மட்டும் சொன்னால் அளவுக்கு மீறிச் சுருக்கியதாகும். அபின் குத்தகை, கூலிகள் மீதான பிடி, பழைய வன்மம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் லாருட்டை எடுத்துவிட்டால் கணக்கு இடிக்கிறது.

லெபோ கெரேஜாவில் இருக்கும் பச்சை நிற பெரானாக்கான் மாளிகையைப் பார்க்காமல் எந்தச் சுற்றுலாப்பயணியும் போவதில்லை. ஹாய் சான் தலைவர் சுங் கெங் குவீ 1890களில் கட்டிய வீடு அது. எந்த இடத்தில்? எதிரியான கீ ஹின் சங்கத்தின் தலைமையகம் இருந்த இடத்தை வாங்கி, அதன்மேல். லாருட்டில் யார் ஜெயித்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் இல்லை. வழிகாட்டிகள் மர வேலைப்பாட்டையும் கண்ணாடியையும் காட்டுகிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை, வேலைப்பாடு நன்றாகவே இருக்கிறது. அவருடைய பெயரில் ஒரு தெருவும் உண்டு. மகன் சுங் தை பின் 1907இல் டத்தோ கிராமாட் சாலையில் இருந்த ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் உருக்காலையின் பங்காளிகளில் ஒருவர். அந்த ஆலை 1911இல் பிரிட்டிஷ் முதலாளிகளின் கைக்குப் போனது. இன்றைக்கு அந்த இடத்தில் பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் நிற்கிறது.

பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தான அதே நேரத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் என்ன நடந்தது என்று பாருங்கள். இரண்டே வாரம் கழித்து, 1874 பிப்ரவரியில், ஊல்சி தலைமையில் பிரிட்டிஷ் படை அசாந்தியின் தலைநகர் குமாசியைக் கொளுத்தியது. கூடவே போன செய்தியாளர்களில் ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லியும் ஒருவர், அமெரிக்கப் பத்திரிகைக்காக. நரபலி, காட்டுமிராண்டி மன்னன் என்று உலகமெங்கும் படித்தார்கள். சமாதான விலையாகக் கேட்கப்பட்டது 50,000 அவுன்ஸ் தங்கம். 1897இல் அந்த நிலத்தில் அசாந்தி தங்கச் சுரங்க நிறுவனம் பிறந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பெர்ச் 1875இல் கொல்லப்பட்ட பிறகு சுல்தான் அப்துல்லாவையும் ஙா இப்ராகிமையும் பிரிட்டிஷார் சேஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தினார்கள். 1900இல் அசாந்தி மன்னர் பிரெம்பேவையும் அதே சேஷெல்ஸுக்குத்தான் அனுப்பினார்கள். ஈயத்துக்காக ஒரு சுல்தான், தங்கத்துக்காக ஒரு மன்னர், இருவருக்கும் ஒரே தீவுக்கூட்டம்.

கலவரப் பத்தியையும் விலைப் பத்தியையும் சேர்த்துப் படித்த ஒருவரைச் சொல்லியாக வேண்டும். எட்மண்ட் மோரெல் லிவர்பூல் கப்பல் நிறுவனமான எல்டர் டெம்ப்ஸ்டரில் குமாஸ்தா. பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் கொங்கோவோடு அந்த நிறுவனத்துக்குத்தான் கப்பல் போக்குவரத்து. ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் கணக்கைச் சரிபார்த்தபோது மோரெலுக்கு ஒன்று உறைத்தது: கொங்கோவிலிருந்து ரப்பரும் தந்தமும் நிறைய வருகிறது, போகும் கப்பலில் துணிமணி, சாமான் என்று விற்பனைச் சரக்கு அதிகமில்லை, துப்பாக்கியும் தோட்டாவும்தான். பண்டமாற்றே இல்லாத வியாபாரம் என்றால் அது அடிமை உழைப்பு. அவர் கொங்கோ மண்ணை மிதித்ததே இல்லை. கப்பல் கணக்கை வைத்தே உலகத்தைக் குலுக்கினார். 1904இல் கொங்கோ சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. போர்முனைக்குப் போன நிருபர்களுக்குத் தெரியாதது துறைமுகக் குமாஸ்தாவுக்குத் தெரிந்தது என்பதில் ஆச்சரியமில்லை. போர்முனையில் பிணம் தெரியும், ரசீது தெரியாது.

ரசீதைத் தேடினால் நம் பக்கத்திலும் கிடைக்கும். பட்டர்வொர்த்தில் 1902 முதல் ஈய உருக்காலை இருந்தது. பிறகு அது மலேசியா ஸ்மெல்டிங் கார்ப்பரேஷன் ஆனது. பேராக் ஈயம் வற்றிய பின் வெளிநாட்டுத் தாதுவை இறக்குமதி செய்து உருக்கும் வேலையே பெரிதாயிற்று. 2000களின் பிற்பகுதியில் கொங்கோ ஈயத் தாதுவை வாங்கிய முக்கிய ஆலைகளில் இதுவும் ஒன்று. கிழக்குக் கொங்கோவில் ஆயுதக் குழுக்களும் அரசுப் படைப்பிரிவுகளுமே சுரங்கத்தில் வரி பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. 2010 ஜூலையில் அமெரிக்காவில் டாட்-பிராங்க் சட்டம் வந்தது. ஈயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் நான்கும் எங்கிருந்து வந்தன என்று நிறுவனங்கள் சொல்ல வேண்டும் என்றது. அதன்பின் மூட்டைக்கு முத்திரைச் சீட்டு கட்டி எங்கே தோண்டியது என்று பதியும் திட்டம் வந்தது. பட்டர்வொர்த் நிறுவனம் அதில் சேர்ந்து, சீட்டு கட்டிய தாதுவை வாங்கியது. சட்டத்துக்குப் புறம்பாக எதுவும் நடந்ததென்று நான் சொல்லவில்லை. பினாங்குப் பாலத்தைத் தாண்டிப் போகும்போது கொங்கோ ரொம்ப தூரம் என்று நினைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இந்த வாதத்துக்கு எதிர்ப்பு வரும். வர வேண்டும். முதலாவது: இனப்பகை என்பது நிருபர்கள் கட்டிய கதையா? ருவாண்டாவில் 1994இல் நடந்த படுகொலை எந்தக் கனிமத்துக்காகவும் நடந்ததில்லை. கொலையாளிகளும் அகதிகளுமாக லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி வந்ததிலிருந்துதான் கிழக்குக் கொங்கோவின் இன்றைய நரகம் தொடங்கியது. கிழக்குக் கொங்கோவின் மாசிசி வட்டாரத்தில் நிலம் யாருடையது, குடியுரிமை யாருக்கு என்ற தகராறு அதற்கும் முந்தியது. அரசியல் ஆய்வாளர் செவ்ரீன் ஆட்டெசெர், கொங்கோவைக் கனிமக் கதையாக மட்டும் பார்ப்பதே ஒரு மயக்கம் என்று அழுத்தமாக எழுதியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். பகை உண்மையானது. ஆனால் பகை எப்போது மூளும், எத்தனை ஆண்டு எரியும், எப்போது அணையும் என்பதைப் பகை தீர்மானிப்பதில்லை. லாருட்டே சாட்சி. 12 ஆண்டு வெட்டிக்கொண்டவர்கள் 1874இல் 50,000 வெள்ளி பிணைப்பத்திரத்தில் இரு தரப்புத் தலைவர்களும் கையெழுத்துப் போட்டதும் சில மாதங்களில் அடங்கினார்கள். ஒரு கூட்டத்துக்குத் தைப்பிங், இன்னொன்றுக்குக் கமுந்திங் என்று சுரங்கம் பிரிக்கப்பட்டது. மனசு மாறியா அடங்கினார்கள்? பங்கு பிரிந்தது, அடங்கினார்கள்.

வாலிகாலேயிலும் இதன் சாயல் உண்டு. எம்23 2025 மார்ச்சில் அந்த ஊரைப் பிடித்தது, ஏப்ரல் தொடக்கத்தில் விட்டு வெளியேறியது, சில நாட்களில் பிசி சுரங்கம் மறுபடி ஓடியது. ஜனவரியில் பிடித்த கோமாவையும் பிப்ரவரியில் பிடித்த புக்காவுவையும் விடவில்லை. 2024 ஏப்ரலில் பிடித்த ருபாயா கோல்டான் சுரங்கத்தையும் விடவில்லை. அங்கே மாதம் சுமார் 8 லட்சம் டாலர் வரியாக எடுக்கிறார்கள் என்று ஐநா நிபுணர்குழு கணக்குச் சொன்னது. ஒரு ஊரை விட்டது ஏன், மற்றவற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது ஏன் என்பதற்குப் போர்த்தந்திரக் காரணமும் இருக்கலாம். இருந்தாலும் அந்தக் கேள்வியையே கேட்காமல் எழுதும் செய்தி அரைச் செய்தி.

இரண்டாவது எதிர்ப்பு: உள்ளூர்க்காரர்களை எல்லாம் பொம்மையாக்கிவிட்டாயே. இல்லை. ஙா இப்ராகிம் பொம்மையில்லை, அப்துல்லா பொம்மையில்லை, சுங் கெங் குவீ நிச்சயமாக இல்லை. வெளிப் பணத்தை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள், வெளிப் பணம் அவர்களைப் பயன்படுத்தியது. 1960 ஜூலையில் கொங்கோவின் கட்டாங்கா மாகாணத்தைத் தனிநாடு என்று அறிவித்த சோம்பேயும் அப்படித்தான். யூனியன் மினியேர் சுரங்க நிறுவனம் கட்ட வேண்டிய வரியை மத்திய அரசுக்குக் கட்டாமல் அவருக்குக் கட்டியதால்தான் அந்தத் தனிநாடு இரண்டரை ஆண்டு தாக்குப்பிடித்தது. (அந்தக் குழப்பத்தை அடக்கப் போன ஐநா படையில் மலாயா வீரர்களும் இருந்தார்கள் என்பது நம்மில் பலருக்கு மறந்துவிட்டது.) வெளிக்காரன் என்றால் வெள்ளைக்காரன் என்று நினைப்பதும் பழைய பழக்கம். இன்றைக்கு ருவாண்டா, உகாண்டா, சீனா, ரஷ்யா, வளைகுடா எல்லாம் ஆட்டத்தில் உண்டு. பிசி சுரங்கத்தின் பெரும்பங்கு 2025இல் அபுதாபி நிறுவனத்துக்குக் கைமாறியது.

மூன்றாவதுதான் கனமான எதிர்ப்பு. கனிமத்தைக் குறிவைத்து வெளியூர் நல்லவர்கள் செய்த காரியமும் கெடுதலில் முடிந்தது. டாட்-பிராங்க் வந்த சூட்டோடு கொங்கோ அதிபர் கபிலா கிழக்கு மாகாணங்களில் சுரங்கத் தொழிலுக்கே தடை போட்டார். 2011இல் தடையை நீக்கினாலும், சீட்டில்லாத தாதுவை வாங்க ஆளில்லை. கையால் தோண்டிப் பிழைத்த ஏராளமான குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. கடத்தல் நிற்கவில்லை, எல்லை தாண்டும் வழி மட்டும் மாறியது. ஆகவே ‘இரத்தக் கனிமம்’ என்ற கோஷத்தை அப்படியே வாங்கிக்கொள்ள நான் தயாரில்லை. கைபேசியைத் தூக்கிப்போடச் சொல்கிறவர்களோடும் எனக்கு ஒத்துவராது. நான் கேட்பது வாங்குகிறவன் யார், எந்த விலைக்கு, யாருக்கு வரி கட்டி என்று தெரிவதை மட்டும். தெரிந்தால்தான் தடை சரியா தவறா என்று பேசவே முடியும்.

செய்தியாளர்களைக் குற்றம் சொல்லி இதை முடித்துவிடவும் முடியாது. கோமாவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதுகிறவர்கள் அங்குள்ள நிருபர்கள். கோளாறு அமைப்பில். ராய்ட்டர்ஸ் 1851இல் லண்டனில் கடை திறந்ததே பங்குச்சந்தை விலைகளைத் தந்தியில் அனுப்பத்தான். விலைச் செய்திக்குக் காசு கொடுக்க வணிகர் எப்போதும் உண்டு. அகதிச் செய்திக்கு இல்லை. அதனால் விலைச் செய்தி நுணுக்கமாகவும் அகதிச் செய்தி தேய்ந்த சொற்களிலும் வருகிறது. 1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் நடந்த பையாப்ராப் பிரிவினைப் போரில் எலும்பும் தோலுமான குழந்தைகளின் படம் உலகத்தையே அழவைத்தது. எண்ணெய் உரிமைத்தொகையை லாகோசில் இருந்த நைஜீரிய அரசுக்குக் கட்டுவதா பையாப்ராவுக்குக் கட்டுவதா என்று ஷெல்-பிபி தடுமாறிய கதையும், பிரிட்டிஷ் அரசு லாகோசுக்கு ஆயுதம் தந்த காரணமும் எத்தனை பேர் நெஞ்சில் நின்றன?

இந்த வெட்டு நம்மையும் விட்டுவைக்கவில்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மலாயாவின் ரப்பரும் ஈயமும்தான் அப்போது பிரிட்டனுக்கு டாலர் ஈட்டித் தந்த பெரும் ஊற்று. ஆனால் உலகம் படித்தது சீனக் கொள்ளைக்காரர்களின் அட்டகாசத்தை. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் தோட்டங்களில் நம் ஆட்கள் கூலிக்காக நடத்திய வேலைநிறுத்தங்கள் அந்தக் கதையில் பொருந்தவில்லை, அதனால் உதிர்ந்துபோயின. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள் தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவசரகாலத்தைச் சீனர் விவகாரமாகச் சொல்லிப் பழகிய நாட்டில் இந்த இரண்டு தமிழர்களை எங்கே வைப்பதென்று பாடநூலுக்கு இன்னும் தெரியவில்லை. நம் தொழிலாளர் கதை இனக்கதைக்குள் எப்படிக் கரைந்தது என்று தெரிந்த நாம், கொங்கோக்காரன் கதையைப் படிக்கும்போது கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டாமா?

மலேசியத் தமிழ் நாளேடுகளின் செய்தி மேசையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆப்பிரிக்கச் செய்திக்கு நிருபரை அனுப்ப நம் பத்திரிகைகளுக்கு வசதியில்லை. ஏஜென்சி தருவதை மொழிபெயர்க்கத்தான் வேண்டியிருக்கிறது. பரவாயில்லை. மொழிபெயர்த்த பிறகு, அந்த வட்டாரத்தில் என்ன தோண்டுகிறார்கள், எந்தத் துறைமுகம் வழியாகப் போகிறது, எந்த நாட்டு நிறுவனம் வாங்குகிறது என்று ஒரு வரி சேருங்கள். விவரம் தேடப் போர்முனைக்குப் போக வேண்டாம். நிறுவனங்களின் ஆண்டறிக்கையிலும் ஐநா நிபுணர்குழு அறிக்கைகளிலும் கிடைக்கிறது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். வாசகர்கள் யாராவது பழைய ஈய வணிகம், பட்டர்வொர்த் ஆலை, லாருட் கடன் கணக்குகள் பற்றிய ஆவணங்கள் வைத்திருந்தால் எழுதுங்கள். அடுத்த பதிவில் சேர்க்கிறேன்.